பலாக்கொட்டை மாவில் மக்கல் வாடை வருவது ஏன்? முறுக்கு கல்லாவது ஏன்?

பண்ருட்டி அருகே காடாம்புலியூர்ப் பக்கத்து மகளிர் குழு ஒன்று கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பலாப்பழ அல்வா போடுகிற ஓர் இடத்தில் மிஞ்சும் கொட்டையை வாங்கி, முழுசாகவே வெயிலில் காயவைத்து, ஊர் மில்லில் அரைத்து, வேறு மாவோடு பாதிக்குப் பாதி கலந்து முறுக்கும் பிஸ்கட்டும் செய்திருக்கிறார்கள். இரண்டாம் முறை கொட்டையை வேகவைத்தும் அரைத்திருக்கிறார்கள். முறுக்கு கல்லாக இருந்தது, பிஸ்கட் உதிர்ந்தது, மீதி மாவில் இரண்டு மாதத்துக்குள் ஒரு வாடை வந்துவிட்டது. "எண்ணெய்ச் சத்து காறிவிட்டதா? கெடாமல் இருக்க எதையாவது சேர்க்கலாமா? பாக்கெட்டில் சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது என்று அச்சிடலாமா? பலா ஓய்ந்த மாதங்களில் வேறு பழக் கொட்டைகளை அரைக்கலாமா?" என்பவை அவர்களுடைய கேள்விகள்.

முதலில் வாடையைப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதோடு தொடர்புடையவை. உங்கள் மாவு காறவில்லை. காறுவதற்கு எண்ணெய் வேண்டும். பலாக்கொட்டையில் அது இல்லை என்றே சொல்லலாம். உலர்ந்த கொட்டை மாவில் கொழுப்பு ஏறத்தாழ ஒன்று, இரண்டு சதவீதம்தான். நிலக்கடலை மாவோ எள்ளுப் பொடியோ கெடுகிற வழி வேறு, இது கெடுகிற வழி வேறு. உங்கள் மாவில் வந்தது ஈரத்தால் வந்த மக்கல் வாடை. அந்த ஈரம் பாக்கெட் போட்ட பிறகு நுழைந்ததில்லை, அரைக்கும்போதே கொட்டைக்குள் இருந்தது. ஆகவே, கெடாமல் இருக்க எதைச் சேர்ப்பது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எதையும் சேர்க்க வேண்டியதில்லை. கொட்டை சுளையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு நாளில் அதை என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

பச்சைக் கொட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர். சுமார் 50 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். அதோடு, நெல்லைப் போலவோ உளுந்தைப் போலவோ காயப்போட்டு வைத்தால் உயிரை அடக்கிக்கொண்டு அடுத்த பட்டம் வரை உறங்கும் விதையில்லை இது. காய்ந்தால் முளைப்புத் திறனை இழக்கும். ஈரத்தில் இருந்தால் உடனே முளைவிடப் பார்க்கும். நம் வீடுகளில் பாட்டிமார் பலாக்கொட்டையை மணலில் புதைத்துவைத்துக் குழம்புக்கு நாலு நாலாக எடுத்தது, அந்த ஈரத்தைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் பிடித்துவைக்கும் உபாயம். மாவுக்கு அந்த உபாயம் உதவாது. மாவுக்கு வேண்டியது நேர் எதிர்: எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும்.

முழுக் கொட்டையாகக் காயவைத்ததுதான் உங்கள் முதல் பிழை. வெளிப்புறம் விரைவில் காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும், பிறகு உள் ஈரம் வெளியேற வழியிருக்காது. கையில் எடுத்தால் கலகலவென்று ஒலிக்கும், காய்ந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அப்படி ஒரு கொட்டையை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓரம் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்திருக்கும், நடுவில் மட்டும் மெழுகு போல் மங்கிய நிறத்தில், நகத்தால் அழுத்தினால் பதியும்படி ஒரு புள்ளி இருக்கும். உங்கள் இரண்டு மாத வாடை அந்தப் புள்ளியில்தான் தொடங்கியது.

ஆகவே முறை இப்படி இருக்கட்டும். அல்வா போடுகிற இடத்தில் சுளை பிரித்த அன்றைக்கே கொட்டையை வாங்கிவிடுங்கள். மறுநாள் என்றால் கொட்டையில் ஒட்டியிருக்கும் பழச்சாறு சாக்குக்குள் புளிக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி வழவழப்பு போனபின், முளைவிட்டதையும் கருத்ததையும் அழுத்தினால் அமுங்குவதையும் பொறுக்கி எறியுங்கள். ஈரம் போக ஒரு நாள் நிழலில் பரப்பினால் மேலிருக்கும் வெள்ளைத் தோல் காகிதம் போல விறைத்து, விரல் வைத்தால் கழன்றுவரும். அதற்கடியில் கொட்டையோடு ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் தோலை எடுக்கத்தான் பலரும் திண்டாடுகிறார்கள். ஆய்வுக்கூடங்களில் அதை நீக்கக் காஸ்டிக் சோடாக் கரைசல் பயன்படுத்துவதுண்டு. அதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கை வெந்துபோகும் சரக்கு அது. சரியாகக் கழுவி நடுநிலையாக்கத் தெரியாவிட்டால் உணவிலும் தங்கும். அந்தத் தோல் இருந்தால் மாவு சற்று மங்கலாகும், இலேசான துவர்ப்பு வரும், அவ்வளவுதான். நார்ச்சத்தும் அதில்தான் கூடுதல். வெள்ளை வெளேரென்ற மாவு வேண்டும் என்ற ஆசை மைதா கற்றுக்கொடுத்தது, அதை இங்கேயும் கொண்டுவர வேண்டியதில்லை.

தோல் எடுத்த கொட்டையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாகச் சீவுங்கள். வாழைக்காய் சிப்ஸ் சீவுகிற கட்டையே போதும். உலர்த்தி (டிரையர்) இருந்தால் 60 டிகிரி வெப்பத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். வெயில்தான் என்றால், கயிற்றுக் கட்டில் மேல் வலை விரித்து, அதன்மேல் மெல்லிய துணி போட்டு, வில்லை மேல் வில்லை படாமல் பரப்ப வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்தால் அடிப்பக்கம் வியர்க்கும். சித்திரை, வைகாசிக் கத்திரி வெயிலில் இரண்டு நாள் போதும். ஆனால் நம் பக்கத்தில் பகலெல்லாம் சுள்ளென்று அடித்துவிட்டு மாலையில் வெப்பச்சலன மழை கொட்டுவது வழக்கம், கடற்காற்றின் ஈரமும் இருக்கிறது. நான்கு மணிக்கு மேல் வில்லை வெளியே இருந்தால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு இரவில் திரும்பிவிடும். ஆனி, ஆடியில் கொட்டை மலிவாகக் கிடைக்கும் என்றாலும் அப்போது உலர்த்தி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. அரைகுறையாகக் காயும் வில்லையில் வளரும் பூஞ்சணங்களில் சில அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கக்கூடியவை. அந்த நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழிவதில்லை. ஆகவே பூத்த வில்லையைத் துடைத்துவிட்டு அரைப்பது என்ற பேச்சே இருக்கக் கூடாது.

காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வில்லையை ஒடித்தால் வளையாமல் டக்கென்று ஒடிய வேண்டும். அதோடு நின்றுவிடாமல், ஒரு பிடி வில்லையை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். உட்புறக் கண்ணாடியில் மூச்சுவிட்டது போலப் பனி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பக் காயட்டும். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடில்லை. ஆனால் மில்லுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் விலை வைக்காதீர்கள். 10 கிலோ பச்சைக் கொட்டையில் வெள்ளைத் தோலும் கழிவும் போக 9 கிலோ நிற்கும் என்று கொள்வோம். அதில் 55 சதவீதம் தண்ணீர் என்றால் கெட்டிப்பொருள் 4 கிலோ சொச்சம். 10 சதவீத ஈரத்தோடு பார்த்தால் சுமார் நாலரைக் கிலோ. மில்லில் ஒட்டியதும் சல்லடையில் நின்றதும் போகக் கையில் வருவது 4 கிலோ மாவு. பச்சைக் கொட்டையைக் கிலோ 20 ரூபாய்க்கு வாங்கினால், கூலி, விறகு, மின்சாரம், மில் கூலி எதையும் சேர்க்காமலே ஒரு கிலோ மாவில் 50 ரூபாய் ஏறிவிடுகிறது. கழிவுதானே, இலவசம்தானே என்று தொடங்கும் கணக்குகள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன.

கழிவு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்ருட்டிப் பக்கத்தில் பலாக்கொட்டையைக் கழிவு என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட கருவாட்டுக் குழம்புக்கு இங்கே இருக்கும் மதிப்பு தனி. காய்கறிக் கடையில் அதற்கு விலை இருக்கிறது. இன்னொன்று, பணிக்கன்குப்பம் மண்டியிலிருந்து லாரி ஏறும் பழம் பெரும்பாலும் முழுப் பழமாகவே வெளியூர் போகிறது, கொட்டையும் அதோடு போய்விடுகிறது. சாலையோரத்தில் சுளை விற்பவர்களும் கொட்டையோடுதான் சுளையைக் கொடுக்கிறார்கள். உள்ளூரில் கொட்டை குவிவது இரண்டே இடங்களில்தான்: அல்வா, ஜாம், சிப்ஸ், ஐஸ்கிரீம் போடுகிறவர்களிடம், அப்புறம் வெடித்தும் அடிபட்டும் மண்டியில் கழிக்கப்படும் பழங்களில். இரண்டாவது வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழம் எத்தனை நாள் அழுகிக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. வீடு வீடாகப் போய்க் கொட்டை சேகரிக்கலாம் என்ற யோசனையும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. சுளையைத் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டையும் அதில் வரும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் நம் பகுதியின் பலாவும் முந்திரியும் சாய்ந்தது உங்களுக்கு நான் சொல்லி நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு வைத்த கன்றுகள் இப்போது காய்ப்பில் இருக்கின்றன. அருகிலேயே பாலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1, பாலூர் 2 ஆகிய இரகங்களும் தோப்புகளில் உண்டு. மரத்துக்கு மரம் கொட்டையின் அளவும் தோலின் கனமும் துவர்ப்பும் மாறும். முடிந்தால் ஒரே தோப்பின் கொட்டையைத் தனியாகக் காயவைத்து அரைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முறுக்கின் நிறம் ஏன் மாறுகிறது என்ற புதிர் பாதி அவிழ்ந்துவிடும்.

இனி முறுக்கு. பலாக்கொட்டை மாவில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான் சிக்கல் என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. கொட்டையை ஆவியிலோ குக்கரிலோ வேகவைத்து, சீவி, காயவைத்து அரைத்தால் வருவது வெந்த மாவு. வேகும்போதே அதன் மாவுச்சத்து ஒருமுறை உப்பிக் குழைந்துவிட்டதால், தண்ணீரைக் கண்டதும் உறிஞ்சிக்கொள்ளும். கஞ்சிக்கும் சத்துமாவுக்கும் கொழுக்கட்டைக்கும் ஏற்றது. பச்சையாகவே சீவிக் காயவைத்து, இரும்புச் சட்டியில் நிதானமான தீயில் வில்லையின் உட்புறம் இளஞ்சிவப்பாகும் வரை வறுத்து அரைத்தால் வருவது வறுத்த மாவு. மணமும் மொறுமொறுப்பும் இதில்தான். முறுக்கு, தட்டை, பிஸ்கட் எல்லாம் இதில் செய்ய வேண்டியவை. நீங்கள் இரண்டாம் முறை கொட்டையை வேகவைத்து அரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாவு தண்ணீரைக் குடித்துக்கொண்டே போயிருக்கும், பிசைய வரவில்லையே என்று நீங்களும் ஊற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். அவ்வளவு தண்ணீரும் எண்ணெய்ச் சட்டியில் வெளியேற நேரம் பிடிக்கும், அதற்குள் மேல்புறம் இறுகிவிடும். கல் முறுக்கு பிறப்பது இப்படித்தான்.

நான் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கும் அளவு இது: பச்சரிசி மாவு 700 கிராம், வறுத்த பலாக்கொட்டை மாவு 200 கிராம், வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 100 கிராம். இவற்றை ஒன்றாகச் சலித்து, 60 கிராம் வெண்ணெயை முதலில் உலர் மாவோடு தேய்த்துப் பிசிறிவிட வேண்டும். கைப்பிடியாகப் பிடித்தால் நின்று, விட்டால் உதிர வேண்டும். ஓமம் ஒரு கரண்டி, எள், உப்பு, பெருங்காயம் கரைத்த நீர். ஓமத்தையும் பெருங்காயத்தையும் மணத்துக்காக மட்டும் போடுவதாக நினைக்காதீர்கள், பலாக்கொட்டை வாயு என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மாவைப் பிசைந்தவுடன் பிழியாமல் கால் மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். கொட்டை மாவு மெதுவாகத்தான் நீரை ஏற்கும். ஊறவிட்டுப் பார்த்தால் நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த தண்ணீரே போதுமாக இருக்கும். 200 கிராமுக்கு மேல் போக வேண்டாம். 300இல் நிறம் கருக்கிறது, 400இல் பிழியும்போதே இழை அறுகிறது.

பிஸ்கட் உதிர்ந்ததற்குக் காரணம் எளியது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்னும் பசைப் புரதம் பலாக்கொட்டையில் கிடையாது. கோதுமை மாவில் நான்கில் ஒரு பங்கு வரை இதைக் கலந்தால் பிஸ்கட் தாங்கும். ரொட்டி என்றால் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எழும்பாது. பாதிக்குப் பாதி வேண்டும் என்றால் பிஸ்கட்டை விட்டுவிட்டு உருண்டைக்குப் போங்கள். வெந்த மாவை இலேசாக வறுத்து, வறுத்த நிலக்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்து உருட்டினால், பிடிப்பது வெல்லத்தின் வேலையாகிவிடுகிறது. என் கையில் இதுவரை வந்த பலாக்கொட்டைப் பண்டங்களில் நன்றாக இருந்தது அந்த உருண்டைதான். இத்தனைக்கும் அதை யாரும் விற்பனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, பார்க்க அழகாயில்லை என்றார்கள். புதுச்சேரி பேக்கரிகளுக்குக் கொடுக்க நினைத்தால், பண்ருட்டி முந்திரி உடைசலை மேலே பதித்த பிஸ்கட்டைக் கொண்டுபோங்கள்.

மில்லைப் பற்றி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியில் 12 கிலோ வில்லையை ஒரு மில்லில் அரைக்கக் கொடுத்தேன். வந்த மாவு சற்றுச் சிவந்திருந்தது. வறுத்த நிறம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அதில் செய்த இனிப்பு உருண்டையை வாயில் போட்டவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு முன் அந்த மெஷினில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. மிளகாயாவது நாக்கில் தெரிந்துவிடும். முன்னால் கோதுமை அரைத்திருந்தால் தெரியாது. ஆகவே பொது மில்லில் அரைத்த மாவுக்குக் குளூட்டன் இல்லாதது என்று அச்சிடக் கூடாது. அந்தச் சொல்லுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மெஷினின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி கோதுமை மாவே அதைத் தாண்டிவிடும். காலையில் முதல் ஈடாக அரையுங்கள், முதலில் வரும் அரைக் கிலோவைத் தள்ளிவையுங்கள், காந்தம் ஒன்றை மாவுக்குள் ஓட்டி எடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது என்று போடலாமா என்ற கேள்விக்கு, போடக் கூடாது என்பதே பதில். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. சர்க்கரை நோய்க்குப் பலா மாவு நல்லது என்ற செய்தி வந்தது பலாக்காய் மாவைப் பற்றி. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 40 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பழுக்காத பலாக்காயை உலர்த்திய மாவை நாளொன்றுக்கு 30 கிராம், அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாக, 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு குறைந்தது. அந்த மாவு வேறு, உங்கள் மாவு வேறு. உங்கள் மாவில் பெரும்பகுதி, ஏறத்தாழ 60 முதல் 75 சதவீதம், மாவுச்சத்துதான். அதில் ஒரு பங்கு செரிக்க நேரமாகும் வகை என்பதும், வேகவைத்து ஆறவிட்டால் அந்தப் பங்கு சற்றுக் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதை அரிசி மாவோடு கலந்து எண்ணெயில் பொரித்துவிட்டு நோயாளிக்கு உகந்தது என்று சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். வெல்லம் போட்ட உருண்டைக்கும் இது பொருந்தும்.

புரதம் நிறைந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். உலர்ந்த மாவில் 10 முதல் 14 சதவீதம் புரதம் இருக்கிறது. அரிசியை விடக் கூடுதல், கோதுமைக்கு இணை, கடலை மாவில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. பஜ்ஜிக்குக் கடலை மாவை எடுத்துவிட்டுப் பலாக்கொட்டை மாவைப் போட்டால் புரதம் குறைகிறதே தவிரக் கூடவில்லை. எதற்குப் பதிலாக எது என்று பார்த்துத்தான் சத்தைப் பேச வேண்டும். மைதாவுக்குப் பதிலாக வந்தால் நார்ச்சத்தும் பொட்டாசியம் போன்ற தாதுக்களும் கூடும், அந்த அளவுக்கு லாபம். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு அதுவே ஆகாது. கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் இயல்பாகவே உண்டு, வேகவைத்தால் அவை பெரும்பாலும் செயலிழக்கும். ஆகவே வேகாமல் வறுக்காமல் பச்சையாக உலர்த்தி அரைத்த மாவை மோரில் கலக்கிக் குடியுங்கள் என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

லேபிளில் பலாக்கொட்டை மாவு இத்தனை சதவீதம் என்று தெளிவாகப் போடுங்கள். முகப்பில் பலாப்பழப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே ஐந்து சதவீதம் மட்டும் கலக்கும் வழக்கத்தைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம் கொண்டது, அது இல்லாமல் பாக்கெட் வெளியே போகக் கூடாது. கடன், மானியம் பற்றிக் கேட்டிருப்பதால் சுருக்கமாக: குறு உணவுத் தொழில்களுக்கென 2020இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய் என்பதும், சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் என்பதும் விதி. விண்ணப்பிக்கும் முன் அது நடப்பில் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாவைச் சோதிக்கவும் உலர்த்தியை நேரில் பார்க்கவும் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான்.

மற்றக் கொட்டைகளைப் பற்றிய கேள்வியில் எனக்குச் சற்று அச்சம் உண்டு. எல்லாக் கொட்டையும் மாவாகாது. மாங்கொட்டையின் உள்பருப்பை அரைக்கலாம். ஆனால் அதில் துவர்ப்புப் பொருள் மிகுதி, ஊறவைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழிக்க வேண்டும்; எண்ணெய்ச் சத்தும் பலாக்கொட்டையை விடப் பல மடங்கு இருப்பதால், நீங்கள் பயந்த காறல் அங்கே நிஜமாகவே வரும். தோல் நீக்கிய தர்ப்பூசணி விதைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால் அரைத்தால் விழுதாகுமே தவிர மாவாகாது, அதை வறுத்து உப்புப் போட்டுக் கொறிக்கக் கொடுப்பதே சரி. புளியங்கொட்டை வறுத்துத் தோல் நீக்கினால் பயன்படும், ஆனால் தண்ணீர் பட்டால் கூழாகிப் பிசின் போல இழுக்கும். துணிகளுக்குக் கஞ்சி போட அதைப் பயன்படுத்துவது அந்தக் குணத்தால்தான். சீத்தாப்பழ விதையைத் தொடவே தொடாதீர்கள். அது நஞ்சு. பேன் மருந்தாக அரைத்துத் தலையில் தேய்த்து, கண்ணில் பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பீச், ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பழச்சாறு கடையில் வரும் எல்லா விதையையும் ஒரே சாக்கில் போட்டு வாங்கும் திட்டம் உங்களிடம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

பலா ஓய்ந்த மாதங்களுக்கு வேறு கொட்டை தேடுவதைவிட, சித்திரை, வைகாசியிலேயே வில்லைகளாக நன்றாகக் காயவைத்து, மாவாக்காமல் வில்லையாகவே இறுக மூடிய தகர டின்களில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை தேவைக்கு மட்டும் வறுத்து அரைப்பது நல்லது. மாவை விட வில்லை மெதுவாகத்தான் நமுக்கும், பூச்சி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு வழியும் யோசிக்கலாம். புளிக்கவைத்து உலர்த்தி வறுத்த பலாக்கொட்டையில் சாக்லேட்டை ஒத்த மணம் வருவதாகப் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். நான் அதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு கிலோவில் செய்து பார்த்தேன். மணம் வந்தது, வீட்டில் இருந்தவர்கள் கொக்கோ என்றுகூடச் சொன்னார்கள். சுவை மட்டும் வறுத்த பொட்டுக்கடலைக்கும் காப்பிக்கும் நடுவே எங்கோ நின்றது. பால் கலந்து வெல்லம் போட்டால் குடிக்கலாம்.

அடுத்த ஈடு காயவைக்கும்போது முதலில் இரண்டு கிலோ மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிப் புட்டிச் சோதனையைச் செய்து பாருங்கள். பனி படியாத வில்லையை அரைத்து ஒரு பாக்கெட்டை மூடித் தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். அறுபதாம் நாள் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன வாடை என்று எழுதுங்கள்.